கிரியை என்று ஒரு சொல்

அக்டோபர் கடைசி வாரம் வந்துவிட்டால் எங்கள் வீட்டில் ஒரு சின்னச் சண்டை வந்தே தீரும். 31ஆம் தேதி என் மனைவியின் நாள், நவம்பர் 2ஆம் தேதி என் நாள். அவள் பொறையாறு லுத்தரன் குடும்பத்துப் பெண். நான் காரைக்கால் கத்தோலிக்கன். 1517ஆம் வருடம் அக்டோபர் 31ஆம் தேதி மார்ட்டின் லுத்தர் தன் தொண்ணூற்றைந்து கருத்துக்களை வெளியிட்டதை அவர்கள் சீர்திருத்தத் திருநாளாகக் கொண்டாடுவார்கள். எங்களுக்கு நவம்பர் 2 கல்லறைத் திருநாள். உத்தரிக்கிற ஸ்தலத்து ஆத்துமாக்களுக்காகப் பூசை வைத்து வேண்டிக்கொள்ளும் நாள். லுத்தர் அன்று எதை எதிர்த்து எழுதினாரோ, அதற்குப் பக்கத்து வீட்டு விஷயம்தான் இரண்டு நாள் கழித்து நான் கோயிலுக்குப் போய்ச் செய்வது. "நாங்க எதை வேண்டாம்னு சொன்னோமோ, அதை நீங்க நாள் குறிச்சுச் செய்யறீங்க" என்பாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். நானும் சிரித்துக்கொண்டுதான் போவேன்.

அவள் போய் ஏழு வருடம் ஆகிறது. பொறையாறில் அவள் அப்பா அம்மா பக்கத்திலேயே அடக்கம் செய்தோம். அவள் ஆசை அது. சென்னைக்குத் திரும்பியதும் முப்பதாம் நாள் பூசைக்கு ஏற்பாடு செய்தேன். எனக்கு வேறு என்ன செய்யத் தெரியும்? என் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அப்படித்தான் செய்தேன். செய்தி கேட்டு என் மைத்துனர் போன் செய்தார். அவர் எனக்கு இளையவர். மரியாதை குறையாமல்தான் பேசினார்.

"அத்தான், அக்கா கணக்கு சிலுவையிலேயே தீர்ந்து போச்சு. தீர்ந்த கணக்குல நீங்க ஏன் இன்னும் பணம் கட்டிட்டு இருக்கீங்க?"

முப்பத்தேழு வருடம் கணக்கும் கோப்புமாக உட்கார்ந்திருந்த குமாஸ்தாவிடம் கேட்கக்கூடிய கேள்வியா இது? "நில் ரிட்டர்ன் என்றாலும் மாசாமாசம் அனுப்பித்தானே ஆகணும் தம்பி" என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அவர் சிரிக்கவில்லை. எனக்கும் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அவள் வேண்டாம் என்று சொன்னதை அவள் பெயரிலேயே நான் செய்கிறேனா? அந்தக் கேள்விக்குப் பிறகுதான் இந்த விஷயத்தைக் கொஞ்சம் ஒழுங்காகப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததை இங்கே எழுதிவைக்கிறேன். நான் வேதசாஸ்திரம் படித்தவன் இல்லை. தப்பு இருந்தால் விஷயம் தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் ஊரைச் சொல்லவேண்டும். காரைக்கால் 1739 முதல் பிரெஞ்சுக்காரர்களுடையது. அதற்கு வடக்கே, பொறையாறைத் தாண்டினால், தரங்கம்பாடி. அது டேனிஷ்காரர்களுடையது. 1845இல்தான் அதை ஆங்கிலேயருக்கு விற்றார்கள். சைக்கிளில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதல் ஆகும். ஐரோப்பாவில் கத்தோலிக்க ராஜ்யத்துக்கும் லுத்தரன் ராஜ்யத்துக்கும் நடுவில் எத்தனை மலையும் நதியும் கிடந்தனவோ, எங்களுக்கு நடுவில் வயலும் ஒன்றிரண்டு ஆறும்தான். நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். ஞானோபதேசத்தையும் பாதி பிரெஞ்சில்தான் மனப்பாடம் செய்தோம். பிரெஞ்சில் 'சலூ' என்று ஒரு சொல். நண்பனைப் பார்த்தால் சொல்கிற வணக்கமும் அதுதான், ஆத்துமா மோட்சம் சேர்கிற ஈடேற்றமும் அதுதான். வகுப்பில் ஈடேற்றத்துக்கு விளக்கம் சொல்லிவிட்டு, மணி அடித்ததும் வாசலில் ஒருவனுக்கொருவன் அதையே கத்திக்கொண்டு ஓடுவோம். அவ்வளவு சுலபமாகக் கிடைக்கிற சாமான் அது என்று நினைத்த வயது.

சரி, சண்டை என்ன? ஒரு மனிதன் கடவுள் முன்னால் நீதிமானாக நிற்பது எதனால்? விசுவாசத்தினாலா, அவன் செய்த நற்செயல்களினாலா? புனித பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தில், நியாயப்பிரமாணத்தின் செயல்களால் அல்ல, விசுவாசத்தால்தான் என்கிறார். லுத்தர் 1522இல் புதிய ஏற்பாட்டை ஜெர்மன் மொழியில் கொண்டுவந்தபோது அந்த இடத்தில் 'மாத்திரமே' என்று பொருள்படும் ஒரு சொல்லைச் சேர்த்தார். கிரேக்க மூலத்தில் அந்தச் சொல் இல்லை. ஜெர்மன் மொழிக்கு அது தேவைப்பட்டது, கருத்தும் அதுதான் என்பது அவர் வாதம். அந்த ஒரு சொல்லுக்காக எத்தனை லட்சம் பக்கம் அச்சாகியிருக்கும் என்று கணக்கில்லை. யாக்கோபின் நிருபமோ நேர் எதிராகப் பேசுவதுபோல இருக்கும். செயல் இல்லாத விசுவாசம் செத்தது என்பது அவர் கட்சி. வேடிக்கை என்னவென்றால், 'விசுவாசம் மாத்திரம்' என்கிற தொடர் வேதாகமத்திலேயே அந்த நிருபத்தில்தான் வருகிறது, அதுவும் 'அல்ல' என்று சொல்வதற்காக. லுத்தருக்கு அந்த நிருபத்தைப் பிடிக்காமல் போனதில் ஆச்சரியமில்லை. வைக்கோல் நிருபம் என்றே ஒருமுறை எழுதிவிட்டார்.

சண்டை கிளம்பிய காரணம் சாஸ்திரம் மட்டுமில்லை, காசும்தான். எங்கள் பக்கம் 'பூரண பலன்' என்று ஒன்று உண்டு. பாவம் மன்னிக்கப்பட்ட பிறகும் மிச்சமிருக்கும் தண்டனையைத் திருச்சபை தன் அதிகாரத்தால் குறைப்பது. ரோமாபுரியில் புனித இராயப்பர் பேராலயம் கட்டுவதற்காக இந்தப் பலனை ஜெர்மனியில் ஏறத்தாழ ரசீது போட்டு விற்கிற நிலைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அது தப்பு என்று இன்றைக்கு எந்தக் கத்தோலிக்கக் குருவும் ஒப்புக்கொள்வார். அப்போது ஒப்புக்கொண்டிருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும்.

திரெந்து சங்கம் என்று கூடி, 1547 ஜனவரி 13ஆம் தேதி ரோமன் கத்தோலிக்கத் திருச்சபை தன் பதிலைச் சொன்னது. பள்ளிக்கூடத்தில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது 'லுத்தர் தப்பு' என்கிற வரைக்கும்தான். இப்போது அந்தத் தீர்மானத்தைப் பிரெஞ்சில் முழுக்கப் படித்துப் பார்த்தேன். ஆச்சரியமாக இருந்தது. தேவ அருள் முந்திவராமல் மனிதன் தன் சொந்தச் செயலால் நீதிமான் ஆகலாம் என்று சொல்பவனைத்தான் முதல் விதியிலேயே சபித்திருக்கிறார்கள். விசுவாசமே ஈடேற்றத்தின் தொடக்கம், அஸ்திவாரம், வேர் என்றும் இருக்கிறது. வித்தியாசம் அதற்கு அப்புறம்தான் வருகிறது. அருள் தொட்ட மனிதன் அதற்கு இசைந்து ஒத்துழைக்கிறான், அவன் செய்கிற நன்மைக்கு உண்மையாகவே பலன் உண்டு, அந்தப் பலனும் கடவுள் கொடுத்ததே என்கிறது சங்கம். லுத்தரன்கள், ஒத்துழைப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை, விசுவாசிக்கிறவனை முழுக்க முழுக்கக் கிறிஸ்துவின் நீதியைக் கொண்டே கடவுள் ஏற்றுக்கொள்கிறார், நற்செயல் அதிலிருந்து தானாக விளைகிற கனி என்கிறார்கள். ஆக, காசு கொடுத்து மோட்சம் வாங்கலாம் என்று திரெந்து சொல்லவில்லை. நம்பிவிட்டு எப்படி வேண்டுமானாலும் திரியலாம் என்று லுத்தரும் சொல்லவில்லை. ஆனால் இருநூறு முந்நூறு வருடம் ஒருவரைப்பற்றி ஒருவர் சொல்லிக்கொண்டது இதைத்தான்.

இதை எனக்கு முதன்முதலில் புரியவைத்தவர் பாதிரியாரோ போதகரோ இல்லை, எங்கள் ஆபீஸ் சூப்பிரண்டெண்ட். திருவல்லிக்கேணி தென்கலை ஐயங்கார். 1978இல் என் கல்யாணச் சேதி சொல்லி, பெண் லுத்தரன், இரண்டு வீட்டிலும் முணுமுணுப்பு என்றதும், "ஓய், இது எங்காத்துச் சண்டைன்னா!" என்றார். குரங்குக் குட்டி தாயைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். பூனைக்குட்டியோ சும்மா கிடக்கும், தாயே கவ்விக்கொண்டு போகும். முதலாவது வடகலை, இரண்டாவது தென்கலை. "நீர் குரங்கு, உம்ம ஆம்படையாள் பூனை. ஒரே ஆத்துல இருந்துக்கலாம், ஒண்ணும் ஆகாது" என்று முடித்துவிட்டார். வெகுகாலம் கழித்துத் தெரிந்துகொண்டேன், ருடால்ஃப் ஓட்டோ என்கிற ஜெர்மன் லுத்தரன் அறிஞர் 1930இல் வெளியான ஒரு புத்தகத்தில் இதே ஒற்றுமையைப்பற்றி எழுதியிருக்கிறார் என்று. எங்கள் சூப்பிரண்டெண்ட் அவரைப் படித்திருக்க வாய்ப்பில்லை. ஒன்று மட்டும் அவரிடம் சொல்ல விட்டுப்போயிற்று. திரெந்துக் கணக்குப்படி, குட்டி பிடித்துக்கொள்கிறதே, அந்தக் கைப்பிடி பலமும் தாய் கொடுத்த பால்தான்.

நிற்க. தமிழ்நாட்டில் இந்தச் சண்டை எப்படி நடந்தது என்பதற்கு வருகிறேன். 1706 ஜூலை 9ஆம் தேதி சீகன்பால்க், புளுட்சோ என்ற இரண்டு ஜெர்மன் இளைஞர்கள் டேனிஷ் ராஜா அனுப்பி தரங்கம்பாடியில் வந்து இறங்கினார்கள். அதற்குச் சரியாக நூறு வருடம் முந்தி, 1606இலேயே, தத்துவ போதகர் என்று நாம் சொல்கிற ராபர்ட் டி நொபிலி மதுரைக்கு வந்தாயிற்று. (அவர் 1656இல் இறந்தது நம் மயிலாப்பூரில்.) அதற்கும் முன்னால், 1578இல், அண்டிரிக் பாதிரியார் கொல்லத்தில் தம்பிரான் வணக்கத்தை அச்சடித்துவிட்டார். ஆகவே லுத்தரன்கள் வந்தபோது கிறிஸ்தவத் தமிழ் என்று ஒன்று ஏற்கெனவே இருந்தது, அது கத்தோலிக்கத் தமிழ். சீகன்பால்க் கிறிஸ்தவச் சொற்களைக் கற்றுக்கொண்டதே தரங்கம்பாடியில் அவர் கைக்குக் கிடைத்த கத்தோலிக்கப் புத்தகங்களிலிருந்துதான். அதை அவர் மறைக்கவும் இல்லை. ஏசுசபையார் உருவாக்கிய சொற்களை வைத்துக்கொண்டே ஏசுசபையாரை எதிர்த்துப் பிரசங்கம் செய்தார்கள்!

ஆனால் அவர்கள் செய்த ஒன்றை நாங்கள் செய்யவில்லை. வேதாகமத்தை மொழிபெயர்த்து 1715க்குள் புதிய ஏற்பாடு முழுவதையும் அச்சிலே கொண்டுவந்துவிட்டார்கள். நாங்கள் வேதாகமத்தைக் குருமாரின் கையில் விட்டுவிட்டு செபப் புத்தகத்தோடு நின்றோம். இதன் விளைவு என்ன என்பதற்கு ராஜநாயக்கன் என்பவரின் கதை போதும். அவர் தஞ்சாவூர் ராஜாவின் படையில் சேர்வைக்காரர், கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். தரங்கம்பாடியில் அச்சான சுவிசேஷப் புத்தகம் எப்படியோ அவர் கைக்கு வந்து சேர்ந்தது. படித்தார். 1720களின் பிற்பகுதியில் லுத்தரன் சபைக்குப் போய்விட்டார். சொந்த ஜனங்களிடமிருந்தே கடும் எதிர்ப்பு. அதையெல்லாம் தாங்கிக்கொண்டு பல வருடம் தஞ்சாவூர்ப் பக்கம் உபதேசியாராக இருந்து 1771இல் காலமானார். தாழ்த்தப்பட்ட சாதி என்பதால் அவருக்குக் குருப்பட்டம் கிடைக்கவில்லை. விசுவாசம் ஒன்றே போதும் என்ற சபையிலும் அதற்கு மட்டும் அது போதவில்லை. எங்கள் கோயில்களில் சாதிக்கு ஒரு பக்கம் என்று சுவர் கட்டி உட்கார்ந்தவர்கள் இதைச் சுட்டிக்காட்டத் தகுதியில்லாதவர்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

அப்போது எங்கள் பக்கம் பேனா எடுத்தவர் வீரமாமுனிவர். பெஸ்கி பாதிரியார். பரமார்த்த குரு கதையால் பிள்ளைகளுக்கும், தேம்பாவணியால் புலவர்களுக்கும் தெரிந்தவர். ஆனால் 1728இல் அவர் எழுதிய வேதவிளக்கத்தை இன்று யார் படிக்கிறார்கள்? தரங்கம்பாடிக்காரர்களுக்கு மறுப்பாக எழுதிய உரைநடை நூல் அது. அவர்கள் 'திருச்சபை பேதகம்' என்று ஒன்றை வெளியிட, இவர் 'பேதகமறுத்தல்' என்று திருப்பிக் கொடுத்தார். 'லுத்தேரினத்தியல்பு' என்று வேறு ஒன்று. அந்தத் தலைப்பைப் பார்த்தாலே மனிதர் எந்த மனநிலையில் இருந்தார் என்று தெரியும். லுத்தரன்களின் உபதேசத்தைத் தாக்கியதோடு விடாமல், அவர்களுடைய தமிழையும் கிழித்தார். வேதவாக்கியத்தைக் கொச்சைத் தமிழில் போட்டுக் கெடுத்துவிட்டார்கள் என்பது அவருக்கு ஆறாத கோபம். நடைக் குறையில் அவர் சொன்னது நியாயம் என்றே நினைக்கிறேன். ஆனால் அந்தக் கொச்சைத் தமிழ்தான் சேர்வைக்காரர் வீட்டுக்குள் போயிற்று. தேம்பாவணி போகவில்லை.

இதற்கு ஒரு பின்கதை உண்டு. கொடுந்தமிழுக்கு, அதாவது பேச்சுத் தமிழுக்கு, வெளிநாட்டார் படிப்பதற்காக லத்தீனில் ஓர் இலக்கணம் எழுதியிருந்தார் பெஸ்கி. அது அச்சானது எங்கே தெரியுமா? 1738இல், தரங்கம்பாடி லுத்தரன் மிஷன் அச்சகத்தில். அவர்கள் இவரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த காலத்திலேயே, எதிரியின் புத்தகத்தைத் தங்கள் காகிதத்தில் அச்சடித்தார்கள், ஏனென்றால் அதைவிட நல்ல இலக்கணம் கிடையாது. இதை என் மனைவியிடம் ஒருநாள் சொன்னபோது, "பாத்தீங்களா, எங்காளுங்க பெருந்தன்மையை" என்றாள். "எங்க ஆளோட தமிழைப் பாத்தியா" என்றேன்.

சென்னையில் நடந்தது இவ்வளவு இனிமையாக இல்லை. 1746இல் பிரெஞ்சுக்காரர் மதராஸைப் பிடித்தார்கள். 1749இல் உடன்படிக்கைப்படி திரும்ப ஆங்கிலேயர் கைக்கு வந்தது. கோட்டைக்குள் இருந்த கத்தோலிக்கக் குருமார் பிரெஞ்சுக்காரர்களுக்கு உதவினார்கள் என்று கம்பெனிக்குச் சந்தேகம். அவர்களைக் கோட்டையிலிருந்து வெளியேற்றி, அங்கிருந்த கோயிலையும் இடித்துப்போட்டார்கள். வேப்பேரியில் கோஜா பெத்ரூஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர் கட்டிய மாதா கோயில் இருந்தது. 1752இல் அது லுத்தரன் மிஷனரி பப்ரிசியுஸ் கையில் ஒப்படைக்கப்பட்டது. இன்றைய புனித மத்தியா ஆலயம் இருக்கும் இடம் அதுதான். உஸ்கான் அதற்கு முந்தைய வருடமே இறந்துபோனார். அவர் கல்லறை அங்கேயே இருக்கிறது.

இந்த உஸ்கானைப்பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் நகர மனமில்லை. சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே மர்மலாங் பாலத்தை 1726இல் சொந்தக் காசில் கட்டியவர் அவர். பழைய பாலம் போய்விட்டது. அவர் வைத்த கல்வெட்டு மட்டும் சாலையோரத்தில் நிற்கிறது. பரங்கிமலைக்கு ஏறுகிற படிகளும் அவர் போட்டவை. நான் ஆபீஸுக்குப் போகும் வழியில் எத்தனையோ முறை அந்தக் கல்லைத் தாண்டிப் போயிருக்கிறேன், யாருடையது என்று தெரியாமலே. நற்கிரியை என்று புத்தகத்தில் படிக்கிறோமே, அதைக் கல்லாகப் பார்க்க வேண்டுமானால் சைதாப்பேட்டைக்குப் போகலாம். அப்படிப்பட்டவரின் கோயிலையே, அவர் கண்ணை மூடியதும், கிரியையினால் ரட்சிப்பு இல்லை என்கிற சபைக்கு எழுதிக்கொடுத்துவிட்டார்கள். இதில் வேதசாஸ்திரம் ஒன்றும் இல்லை, கம்பெனி அரசியல்தான். கோட்டையை விட்டுப் போன கப்புச்சின் துறவிகள் பிற்பாடு ஆர்மீனியன் தெருவில் கோயில் கட்டிக்கொண்டார்கள். நம் ஜனங்கள் ஆர்மீனியனை அரண்மனைக்காரனாக்கி, அரண்மனைக்காரத் தெரு என்றுதான் சொல்வார்கள்.

அடுத்த அடி எங்கள் புதுச்சேரிக்கு. 1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்து இடித்துத் தள்ளியபோது அங்கிருந்த அச்சு இயந்திரத்தையும் மதராஸுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். கம்பெனிக்கு அதை ஓட்டத் தெரிந்த ஆள் இல்லை. பப்ரிசியுஸிடம் கொடுத்து, எங்கள் வேலை வரும்போது அச்சடித்துத் தா, மற்ற நேரம் உன் வேலையைச் செய்துகொள் என்றார்கள். பிரெஞ்சுக்காரர்களின் எந்திரத்தில் லுத்தரன் ஞானப்பாட்டு அச்சாயிற்று. 1779இல் அவருடைய தமிழ் - ஆங்கில அகராதி வெளியானது. வேதாகமத்தை இன்னொரு முறை பொறுமையாக மொழிபெயர்த்தார். சீகன்பால்கின் தமிழைப்பற்றி பெஸ்கி சொன்ன குறையைத் தீர்த்துவைத்தவர் என்று இவரைச் சொல்லலாம். பாவம், கணக்கு வழக்கில் சூது தெரியாத மனிதர். மற்றவர்கள் நம்பி ஒப்படைத்த பணத்தைக் கடன் கொடுத்து, அது திரும்பாமல், முதிய வயதில் கடன்காரர் சிறைக்குப் போனார். 1791இல் காலமானார். அவர் பாட்டுகளை என் மனைவி அடுப்படியில் முணுமுணுத்துக்கொண்டே இருப்பாள். அந்த மெட்டெல்லாம் ஜெர்மன் மெட்டு. எனக்கும் பாடமாகிவிட்டது.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். இத்தனையும் படித்த பிறகு எனக்குப் பட்டது, நம் ஊரில் பாதிச் சண்டை சொல்லில் இருக்கிறது என்று. புராட்டஸ்டண்ட் வேதாகமத்தில் நற்செயலுக்குக் 'கிரியை' என்று போட்டார்கள். தமிழனுக்குக் கிரியை என்றால் என்ன? சரியை, கிரியை, யோகம், ஞானம் என்று சைவத்தில் வரிசை. கிரியை என்றால் பூசை, சடங்கு. இலங்கைத் தமிழரைக் கேட்டால் செத்தவருக்குச் செய்கிற காரியமே கிரியைதான். ஆக, கிரியையினால் ரட்சிப்பு இல்லை என்று தரங்கம்பாடி உபதேசியார் சந்தையில் நின்று சொன்னபோது, கேட்டவர் காதில் 'சடங்கு சாங்கியம் எதுவும் வேண்டாம்' என்று விழுந்திருக்கும். ஏழைக்குச் சோறு போடுவது பற்றிய பேச்சு என்று யாருக்கும் தோன்றியிருக்காது. எங்கள் பக்கத்திலோ 'புண்ணியம்' என்ற சொல். நாங்கள் படித்த ஞானோபதேசத்தில் தேவ சம்பந்தமான புண்ணியங்கள் மூன்று: விசுவாசம், நம்பிக்கை, தேவசிநேகம். கவனித்தீர்களா, விசுவாசமே ஒரு புண்ணியம்! விசுவாசமா புண்ணியமா என்ற கேள்வியே எங்கள் தமிழில் எழ வழியில்லை. அவர்கள் 'கிருபை' என்றதை நாங்கள் 'இஷ்டப்பிரசாதம்' என்றோம். பிரசாதம் என்றாலே கை நீட்டி வாங்குவது, கோயில் வாசல் ஞாபகம் வரும். ஒரே வீட்டில் அவள் பேதுரு என்பாள், நான் இராயப்பர் என்பேன். அவள் பவுல், நான் சின்னப்பர். பிள்ளைகள் சின்ன வயதில் இவர்கள் நான்கு பேர் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

1995இல் இரு தரப்பாரும் சேர்ந்து செய்த பொது மொழிபெயர்ப்பு வந்தது. இராயப்பரும் சின்னப்பரும் போய் எங்களுக்கும் பேதுரு, பவுல் ஆகிவிட்டார்கள். கிரியை போய் 'செயல்' வந்தது. விசுவாசம் போய் 'நம்பிக்கை' வந்தது. பழைய நம்பிக்கைக்கு 'எதிர்நோக்கு' என்று புதுப் பெயர். சொல் நல்ல சொல்தான். எனக்குத்தான் வாயில் வரமாட்டேன் என்கிறது.

நான்கு வருடம் கழித்து, 1999 அக்டோபர் 31ஆம் தேதி, சீர்திருத்தத் திருநாள் அன்றே, ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் நகரில் வத்திக்கானும் லுத்தரன் உலகக் கூட்டமைப்பும் ஒரு கூட்டு அறிக்கையில் கையெழுத்திட்டன. பொறையாறு, தரங்கம்பாடி சபைகளெல்லாம் அடங்கிய தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையும் அந்தக் கூட்டமைப்பில் ஓர் உறுப்பு. சாரம் இதுதான்: நம் தகுதி எதனாலும் இல்லை, அருளால் மட்டுமே, கிறிஸ்துவின் மீட்புச் செயலில் வைத்த விசுவாசத்தினால் நாம் ஏற்றுக்கொள்ளப்படுகிறோம், அப்படி ஏற்றுக்கொள்ளப்பட்டவர்களைப் பரிசுத்த ஆவி புதுப்பித்து நற்செயலுக்கு அழைக்கிறார். பதினாறாம் நூற்றாண்டில் ஒருவரையொருவர் சபித்த சாபங்கள், இந்த அறிக்கையில் சொல்லப்பட்ட உபதேசத்துக்குப் பொருந்தாது என்றும் ஒப்புக்கொண்டார்கள். பிறகு 2006இல் மெதடிஸ்டுகளும், 2017இல் சீர்திருத்த சபைகளும் சேர்ந்துகொண்டன. எல்லாம் தீர்ந்துவிடவில்லை. உத்தரிக்கிற ஸ்தலம், பூரண பலன், இறந்தோருக்காகப் பூசை எல்லாம் அப்படியே நிற்கின்றன. மைத்துனர் போன் செய்ததும் அதைப்பற்றித்தான். பெரியவர்கள் பிரதான கோப்பை மூடிவிட்டார்கள், எங்கள் வீட்டு இணைப்புத் தாள் மட்டும் பாக்கி.

கையெழுத்தான செய்தி வந்தபோது நாங்கள் கொட்டிவாக்கத்துக்கு வரவில்லை, நங்கநல்லூரில் வாடகை வீடு. பேப்பரைக் காட்டி, "உங்க ஆளும் எங்க ஆளும் கையெழுத்துப் போட்டாச்சு" என்றேன். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். "இதைத்தானே நான் கல்யாணமான நாளா சொல்றேன்" என்றாள். அவள் சொன்னதும் சரிதான். விசுவாசம் மாத்திரம் என்று சொல்லிக்கொண்டே, பக்கத்துத் தெரு விதவைக்கு மாதா மாதம் அரிசி அனுப்பிக்கொண்டிருந்தவள் அவள். பூசைக்குத் தவறாமல் போன நான் அந்தப் பெண்மணியின் வாசலை மிதித்ததில்லை. அரிசிப் பையைக்கூட அவளே தூக்கிக்கொண்டு போவாள்.

இரண்டு வருடத்துக்கு முன் நவம்பர் 2ஆம் தேதிக்குப் பொறையாறு போயிருந்தேன். லுத்தரன் கல்லறைத் தோட்டத்திலும் அன்றைக்குக் கூட்டம்தான். சுண்ணாம்பு அடித்து, செவ்வந்தி மாலை போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றி, குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தார்கள். இறந்தவருக்கு நாம் செய்ய ஒன்றுமில்லை என்ற உபதேசம் உள்ள இடம் அது. மைத்துனரும் மாலை வாங்கி வைத்திருந்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவரே, "இது வேண்டுதல் இல்லை அத்தான், நினைவு" என்றார். சரி என்றேன். அவள் கல்லறை ஓரத்தில் இருவரும் புல் பிடுங்கினோம்.

போன வருடம் முட்டி வலி, பயணம் முடியவில்லை. இங்கே எங்கள் பங்குக் கோயில் அலுவலகத்தில் பூசைக் கருத்து எழுதும் நோட்டு உண்டு. பெயர், தேதி, காணிக்கை, கருத்து என்று கட்டம் போட்டிருக்கும். ஆறு வருடமாக அவள் பெயருக்கு நேரே 'ஆன்ம இளைப்பாற்றி' என்றுதான் எழுதிவந்தேன். அன்று பேனாவை எடுத்தவன் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். நாற்பது வருடத்துக் கல்யாணத்தில் அவள் தனக்காக என்னிடம் கேட்டது சொற்பம், அதில் இது ஒன்று. பிறகு 'நன்றி' என்று எழுதினேன்.

நோட்டை வாங்கிப் பார்த்த பெண், "சார், இது செத்தவங்களுக்கான நாளாச்சே, நன்றின்னு போட்டிருக்கீங்க? மாத்தி எழுதட்டுமா?" என்று கேட்டாள்.

"இருக்கட்டும்மா" என்று சொல்லிவிட்டு ரசீதை வாங்கிக்கொண்டு வந்தேன். சாயங்காலம் மைத்துனருக்குப் போன் செய்து சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சு இல்லை. அப்புறம் பூசை எத்தனை மணிக்கு என்று கேட்டார்.